மூன்றாம் வகுப்புப் பயணிகளை வரைந்த டோமியே

நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிடன் மியூசியம் என்ற பெரிய காட்சிசாலை இருக்கிறது. அங்கே ஓர் எண்ணெய் வர்ண ஓவியம். உயரம் இரண்டடிக்குச் சற்று அதிகம், அகலம் மூன்றடி. ராஜா ராணி படம் அல்ல. தேவதைகளின் படமும் அல்ல. ரெயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஏழை ஜனங்களின் படம்.

முன் பெஞ்சில் ஓர் இளம் தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் முக்காடிட்ட ஒரு கிழவி. மடியில் கூடை. கூடையின் பிடிமேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்தபடி எதிரே பார்த்துக் கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு பையன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். பின்னால் தொப்பி போட்ட தலைகளும் முதுகுகளும் நெருக்கியடித்துத் தெரிகின்றன. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது.

ஊரை விட்டு ரெயில் ஏறி, டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து பயணம் செய்து வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிழவி யார், கூடையை ஏன் கீழே வைக்காமல் மடியில் வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும்.

இதை வரைந்தவர் ஓனோரே டோமியே என்ற பிரெஞ்சுக்காரர். பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டு வயிறு வளர்த்தவர். அவர் ஒரு மகா சிற்பி, மகா ஓவியர் என்பதை உலகம் தெரிந்துகொள்வதற்குள் அவருடைய கண் பார்வை மங்கிப் போயிருந்தது.

அமீனாவின் எடுபிடி

டோமியே 1808-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ந்தேதி பிரான்சின் தென்கோடித் துறைமுகமான மார்செய் நகரில் பிறந்தார். தந்தை ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடும் தொழிலாளி. ஆனால் அவருக்குக் கவிதைப் பித்து உண்டு. தலைநகருக்குப் போனால் பெரிய கவிஞராகிவிடலாம் என்ற நம்பிக்கையில் பாரீசுக்குக் கிளம்பினார். 1816-ல் குடும்பமும் அவரைப் பின்தொடர்ந்தது. அப்போது மகனுக்கு எட்டு வயது.

கவிதை சோறு போடவில்லை. பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. முதல் வேலை, கோர்ட்டு அமீனா ஒருவரிடம் எடுபிடி. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு வராந்தாக்களில் ஓடுவது. கறுப்பு அங்கி வக்கீல்கள் எப்படிக் கையை வீசுகிறார்கள், கட்சிக்காரரின் முகம் எப்படி வாடுகிறது என்பதையெல்லாம் அங்கேதான் பார்த்தார். அடுத்தது ஒரு புத்தகக் கடையில் குமாஸ்தா வேலை.

ஆனால் பையனின் கை எப்போதும் எதையாவது கிறுக்கிக் கொண்டிருந்தது. தந்தையின் நண்பரான அலெக்சாந்தர் லெனுவார் என்ற கலைஞர் 1822-ல் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு லூவர் மியூசியத்துப் பழைய சிலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினான். முறையாகப் பட்டம் தரும் பெரிய கலைக் கல்லூரியில் படிக்க வசதி இல்லை. பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டது கல் அச்சுத் தொழில்.

கல்லில் வரைந்த வாழ்க்கை

கல் அச்சு என்பது அக்காலத்தில் புதிய தொழில்நுட்பம். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல் பலகையில் கொழுப்புச் சேர்ந்த பென்சிலால் படத்தை வரைவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். கொழுப்பு உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால், ஈரமான இடத்தில் மை பிடிக்காது. கோடு உள்ள இடத்தில் மட்டும் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். ஒரே கல்லில் ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுக்கலாம்.

அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் திருப்பியே வரைய வேண்டும். டோமியே சுமார் நாற்பது ஆண்டுகளில் இப்படி ஏறத்தாழ 4,000 கல் அச்சுப் படங்களை வரைந்தார். இன்னொரு விஷயம் உண்டு. படத்தின் அடியில் வரும் வேடிக்கை வசனங்களைப் பெரும்பாலும் அவர் எழுதவில்லை. பத்திரிகை ஆபீசில் வேறு யாராவது எழுதிச் சேர்த்தார்கள். வசனத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் படம் பேசும். அதுதான் டோமியே.

ராஜாவின் வயிறு

1830-ம் ஆண்டு ஜூலையில் பாரீஸ் மக்கள் புரட்சி செய்து பழைய ராஜாவை விரட்டினார்கள். லூயி பிலிப் என்பவர் புதிய ராஜாவானார். மக்களின் ராஜா என்ற பெயரோடு வந்தவர், பணக்காரர்களின் ராஜாவாக மாறினார் என்பது மக்கள் மனக்குறை. அப்போது சார்ல் பிலிப்போன் என்ற துணிச்சலான பத்திரிகைக்காரர் கேலிச்சித்திரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். லூயி பிலிப்பின் தலையைப் பேரிக்காயாக வரைந்து காட்டிப் பாரீஸ் முழுவதையும் சிரிக்க வைத்தவர் இவர். அவரிடம் டோமியே வேலைக்குச் சேர்ந்தார்.

1831-ம் ஆண்டுக் கடைசியில் டோமியே ஒரு படம் வரைந்தார். பெருந்தீனி தின்னும் பூதம் ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. முகம் ராஜாவின் முகம். ஏழைகளிடம் பிடுங்கிய காசைக் கூடை கூடையாகச் சுமந்து, ஒரு நீண்ட பலகை வழியே ஏறி, அதன் வாயில் கொட்டுகிறார்கள். பூதத்தின் நாற்காலிக்கு அடியிலிருந்து பதவிகளும் பட்டங்களும் விழுகின்றன. வேண்டியவர்கள் கூடி அவற்றைப் பொறுக்குகிறார்கள்.

அரசாங்கம் சும்மா விடவில்லை. 1832 பிப்ரவரியில் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. முதலில் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். டோமியே அடங்கவில்லை. மீண்டும் ராஜசபையைக் கேலி செய்து வரைந்தார். ஆகஸ்டு மாதம் போலீசார் வந்து, பெற்றோரின் வீட்டிலிருந்து அவரை அழைத்துப் போனார்கள். வயது 24. சாந்த் பெலாஜி என்ற ஜெயிலில் அடைத்தார்கள். தண்டனையின் பிற்பகுதியை ஒரு மனநோய் வைத்தியசாலையில் கழிக்க நேர்ந்தது. 1833 பிப்ரவரியில் விடுதலையானார்.

களிமண் தலைகள்

இந்தக் காலத்தில்தான் டோமியே என்ற சிற்பி பிறந்தார். ஆளை எதிரே உட்கார வைத்து வரையும் வழக்கம் அவருக்கு இல்லை. பார்த்த முகத்தை மனதில் வாங்கி வந்து, களிமண்ணில் சிறிய தலையாகப் பிடிப்பார். பாராளுமன்ற உறுப்பினர்கள், மந்திரிகள், நீதிபதிகள் எல்லோரும் அவர் கையில் களிமண்ணானார்கள். தொங்கும் கன்னம், புடைத்த மூக்கு, இறுக்கிய உதடு, பாதி தூக்கத்தில் இருக்கும் கண் எல்லாம் விரல் அழுத்தத்திலேயே வந்துவிடும். அவற்றுக்கு வர்ணமும் பூசினார். ஒரு தலை ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அந்தத் தலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கல்லில் படம் வரைவார்.

அவை சூளையில் சுடப்படாத பச்சை மண். வெடித்தன, உதிர்ந்தன. ஆனாலும் 36 தலைகள் தப்பின. பிலிப்போன் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. மூலக் களிமண் தலைகள் 1980-ல் பிரெஞ்சு அரசுக்கு வந்து, பாரீஸ் ஓர்சே மியூசியத்தில் இடம் பெற்றன. ஒரு காலத்தில் நாட்டை ஆட்டிப் படைத்த அந்தப் பிரமுகர்களின் பெயர்களைப் பிரான்சிலேயே பலர் மறந்துவிட்டார்கள். அவர்களுடைய மூக்கும் தாடையும் மட்டும் நிலைத்துவிட்டன.

ஒரு வீட்டின் படுக்கை அறை

1834 ஏப்ரலில் பாரீசில் கலகம் மூண்டது. டிரான்ஸ்னோனென் என்ற தெருவில் 12-ம் எண் வீட்டிலிருந்து ஒரு குண்டு வந்ததாகச் சொல்லி, சிப்பாய்கள் உள்ளே புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர்களும் செத்தார்கள்.

டோமியே அந்தப் படுகொலையை வரைந்தார். ஆனால் துப்பாக்கி, சிப்பாய், சண்டை எதையும் காட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் காட்டினார். கலைந்த படுக்கை. கவிழ்ந்த நாற்காலி. இரவுச் சட்டையோடு தரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு மனிதன். அவன் உடலுக்கு அடியில் அவனுடைய கைக்குழந்தை. இருட்டில் ஒரு பெண்ணின் உடல். ஓரத்தில் ஒரு கிழவரின் முகம். இதில் கேலியும் இல்லை, மிகையும் இல்லை. பத்திரிகைக்கு விதிக்கப்படும் அபராதங்களைக் கட்ட நிதி சேர்ப்பதற்காக வெளியான படங்களில் அதுவும் ஒன்று. அரசாங்கம் கிடைத்த பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தப்பிய பிரதிகள் இன்று பல நாட்டு மியூசியங்களில் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு ராஜாவைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைக் காரணமாக வைத்து 1835 செப்டம்பரில் கடுமையான சட்டங்கள் வந்தன. பத்திரிகை எழுத்துக்கு இல்லாத முன் தணிக்கை படங்களுக்கு வந்தது. இதில் அரசாங்கத்தின் கணக்கு தெளிவானது. கட்டுரையைப் படிக்க எழுத்து தெரிய வேண்டும். படத்தைப் புரிந்துகொள்ள அது வேண்டாம்.

நாற்பது வருஷக் கூலி

ராஜாவை வரைய முடியாது என்று ஆனதும் டோமியே ஊரை வரையத் தொடங்கினார். பிலிப்போனின் இன்னொரு பத்திரிகையான சாரிவாரி தினம் ஒரு புதிய படத்தோடு வந்து கொண்டிருந்தது. அதற்கு 1836 முதல் 1838 வரை ரோபேர் மக்கேர் என்ற மோசடிக்காரனை வைத்து 100 படங்கள் வரைந்தார். அவன் இல்லாத கம்பெனிக்குப் பங்கு விற்பான், போலி வைத்தியம் செய்வான், வக்கீலாகவும் வேஷம் போடுவான். சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கு இந்த ஆசாமியை அடையாளம் தெரியாமல் இருக்காது.

பிறகு 1845-லிருந்து வக்கீல்களையும் நீதிபதிகளையும் வைத்து ஒரு வரிசை. சாட்சி சொல்லும்போது தூங்கும் நீதிபதி, தோற்ற விதவையின் முன் கர்வத்தோடு நிற்கும் வக்கீல் என்று ஒவ்வொன்றும் நேரில் பார்த்த மாதிரி இருக்கும். பார்த்தவைதானே! அமீனாவின் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன் எதையும் மறக்கவில்லை.

1846-ல் அலெக்சாந்திரின் என்ற தையல் தொழிலாளிப் பெண்ணை மணந்தார். பாரீஸ் நடுவே சேன் நதியில் உள்ள ஒரு சிறு தீவில் குடித்தனம். வீட்டு மாடியிலிருந்து நதிக்கரை தெரியும். துணி மூட்டையைச் சுமந்துகொண்டு, குழந்தையைக் கையில் பிடித்தபடி படியேறி வரும் சலவைக்காரிகளைத் தினமும் பார்த்தார். பத்திரிகைக் கல்லை முடித்துக் கொடுத்தபின் கிடைத்த நேரத்தில் அவர்களை வர்ணத்தில் தீட்டினார். பருத்த கை, குனிந்த முதுகு, படியை எட்ட முடியாத குழந்தையின் கால். முகம் சரியாகத் தெரியாது. பாரம் தெரியும்.

சிலையை ஒளித்த மனைவி

1848-ல் மீண்டும் புரட்சி. லூயி பிலிப் ஓடினார், குடியரசு வந்தது. குடியரசைக் குறிக்கும் ஓவியத்துக்கு அரசு ஒரு போட்டி வைத்தது. டோமியே, இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பலசாலியான தாயாகக் குடியரசை வரைந்தார். அவள் காலடியில் இன்னொரு குழந்தை புத்தகம் படிக்கிறது. இறுதிச் சுற்றுக்கு எடுத்த இருபது மாதிரிகளில் அதற்குப் பதினோராம் இடம் கிடைத்தது. ஆனால் பெரிய ஓவியத்தை அவர் முடித்துக் கொடுக்கவேயில்லை.

குடியரசும் நிலைக்கவில்லை. ஜூன் மாதம் பாரீஸ் தொழிலாளர்கள் கலகம் செய்தபோது அது ரத்தத்தில் அடக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் டோமியே ஒரு புடைப்புச் சிற்பம் செய்தார். மூட்டைகளைச் சுமந்துகொண்டு, காற்றுக்கு எதிரே குனிந்து, ஒருவர் பின் ஒருவராக நடந்துபோகும் ஜனங்கள். எங்கே போகிறார்கள் என்று காட்டவில்லை. ஊரை விட்டுப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

நெப்போலியனின் தம்பி மகனான லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்கக் காய் நகர்த்திய நாட்களில், சுமார் 1851-ல், டோமியே ராட்டபுவால் என்ற சிலையைச் செய்தார். உயரம் ஒன்றரை அடிதான். நசுங்கிய தொப்பி, முறுக்கிய மீசை, எலும்பும் தோலுமான உடம்பு, கையில் தடி. லூயி நெப்போலியனுக்காக மிரட்டியும் மயக்கியும் கூட்டம் சேர்க்கும் ஏஜெண்டின் உருவம் அது. 1851 டிசம்பரில் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு லூயி நெப்போலியன் சக்கரவர்த்தியானார். போலீஸ் கண்ணில் படாமல் இருக்க அந்தச் சிலையை டோமியேயின் மனைவி வீட்டில் இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தாராம். டோமியே இறந்த பிறகே அது வெண்கலமாயிற்று.

வேலை போன மூன்று வருஷம்

1860-ல் சாரிவாரி பத்திரிகை டோமியேயை வேலையிலிருந்து நிறுத்தியது. வாசகர்களுக்கு அவர் படம் அலுத்துவிட்டது என்பது காரணம். 52 வயதில் மாத வருமானம் நின்றது. நண்பர்கள் சிலர் படங்களை வாங்கி உதவினார்கள். 1863-ம் ஆண்டுக் கடைசியில் அதே பத்திரிகை அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

இந்தக் கஷ்ட காலத்தில்தான், முதல்முறையாக, அவருக்கு வர்ணம் தீட்ட நேரம் கிடைத்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டி ஓவியம் பிறந்தது இந்த ஆண்டுகளில். 1837-ல் பாரீசிலிருந்து முதல் பயணிகள் ரெயில் ஓடியது முதல் அவர் ரெயிலைக் கவனித்து வந்தவர். குளிர்காலத்தில் மூன்றாம் வகுப்பில் விறைத்துப் போகும் பயணிகளைப் பத்திரிகைக்காக வேடிக்கையாக வரைந்திருக்கிறார். அதே பயணிகளை இப்போது வேடிக்கை இல்லாமல் வரைந்தார்.

1864-ல் வால்டர்ஸ் என்ற அமெரிக்க வியாபாரிக்காக முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளைத் தனித்தனி நீர்வர்ணப் படங்களாகத் தீட்டிக் கொடுத்தார். அவை பால்டிமோர் நகர மியூசியத்தில் இருக்கின்றன. முதல் வகுப்பில் இடம் தாராளம். ஆனால் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் தோளோடு தோள் இடிக்கிறது. நடுவே குழந்தை பால் குடிக்கிறது.

நியூயார்க் ஓவியம் முழுமையாக முடிக்கப்படாதது. அளவு பிசகாமல் பெரிதாக்குவதற்காகப் போட்ட கட்டங்கள்கூட வர்ணத்தின் ஊடே தெரிகின்றன. அடுத்த பத்திரிகைக் கல் காத்திருக்கும்போது அரைகுறையாய் நின்றவை அவருடைய ஓவியங்களில் பல.

பார்வை மங்கிய பிறகு

1865-ல் பாரீசுக்கு வடக்கே வால்மொந்துவா என்ற கிராமத்துக்குக் குடிபோனார். 1870-ல் அரசாங்கம் நாட்டின் பெரிய கௌரவப் பட்டத்தைத் தர முன்வந்தது. சத்தமில்லாமல் மறுத்துவிட்டார். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1872-க்குப் பிறகு பத்திரிகைக்குக் கல்லில் வரைய முடியவில்லை. வாடகை கொடுக்கவும் சிரமம். கோரோ என்ற புகழ்பெற்ற ஓவியர் அந்த வீட்டையே விலைக்கு வாங்கி நண்பருக்குக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். முழுவதும் அப்படியே நடந்ததோ இல்லையோ, கோரோ கை கொடுத்தார். பிறகு அரசாங்கமும் சிறு உதவித்தொகை கொடுத்தது.

1878-ல் நண்பர்கள் பாரீசில் டூராண்ட் ரூயல் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்களைத் திரட்டிக் காட்சி வைத்தார்கள். கௌரவத் தலைவர், பெரும் எழுத்தாளர் விக்டர் ஹூகோ. டோமியேக்கு எழுபது வயது. கலைஞர்கள் பாராட்டினார்கள். கூட்டம் வரவில்லை. போட்ட செலவுகூடத் திரும்பவில்லை.

1879 பிப்ரவரியில் வால்மொந்துவாவில் டோமியே காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய உடல் பாரீசின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டு, கோரோவின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. கூலி வேலையாக அவர் வரைந்த பத்திரிகைப் படங்களை ஓவியர் டெகா தேடித் தேடிச் சேர்த்தார். வான் கோ 1890-ல் டோமியேயின் படம் ஒன்றைப் பார்த்துத் தாமும் அதே காட்சியைத் தீட்டினார்.

வாழ்நாள் முழுவதும் பத்திரிகை வேலை தம் நேரத்தைத் தின்றுவிட்டது என்ற குறை டோமியேக்கு இருந்திருந்தால் அது நியாயமே. ஆனால் கோர்ட்டு வராந்தா, புத்தகக் கடை, ஜெயில், தினம் ஒரு படம் என்ற அந்த ஓட்டம் இல்லாமல், கூடையைப் பிடித்திருக்கும் அந்தக் கிழவியின் கைகளை அவரால் வரைந்திருக்க முடியுமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

நம் நாட்டு ரெயில்களில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் எடுக்கப்பட்டுவிட்டது. பெயர்தான் போயிற்று. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் பாருங்கள். மடியில் பையை வைத்து, அதன்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, விடியும்வரை எதிரே பார்த்தபடி ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு டோமியேயைத் தெரியாது. ஆனால் டோமியேக்கு அவளைத் தெரியும்.